மணிக்கணக்கில் ஹோய்ஸ்ட்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டில் பல ஒர்க்‌ஷாப்கள் ஷட்டரை இறக்கிவிடும். அந்த நாளில் தெரிந்தவர்களுக்கு மட்டும் வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஹோய்ஸ்ட் ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற முதலாளிகள் உண்டு. தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் ஓடுகிற வண்டிக்கு புஷ், அப்சார்பர், டிரைவ் ஷாஃப்ட் பூட் என்று ஏதாவது ஒன்று போய்க்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஃபோர்மேனுக்கு, அதாவது மெக்கானிக்குக்கு, கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் கை வேலை தெரிந்தவர்கள் சொந்தமாகவே செய்துகொள்கிறார்கள். நானும் சில வருடங்களாக அப்படித்தான்.

இதில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் ஸ்பானர் பிடிக்கத் தெரியாமல் வந்தவை அல்ல. மணி ஓடுகிறதே, காசு ஏறுகிறதே என்ற பதற்றத்தில் வந்தவை. தரையில் செய்ய வேண்டியதை மேலே ஏற்றிய பிறகு செய்யப் போவார்கள். மேலே நிதானமாகப் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இறக்குவார்கள். அதனால் வண்டி ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்தே சொல்கிறேன்.

முதல் தவறு, பொருளைக் கையில் வாங்காமல் ஹோய்ஸ்டுக்கு நேரம் சொல்வது. வண்டியைப் பிரித்துப் போட்டபின் பார்ட் சேரவில்லை என்றால் ஞாயிறன்று எங்கே போவீர்கள்? ஈப்போ வரை ஓடினாலும் கடை திறந்திருக்க வேண்டுமே. ‘மைவிக்கு லோவர் ஆர்ம் புஷ்’ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள் (லோவர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை, புஷ் அதன் மூட்டு ரப்பர்). 2005-இல் வந்த மைவி கார் வேறு, 2011-இல் வந்தது வேறு, 2017-இல் வந்தது வேறு. வண்டியின் கெரானில் (பதிவுச் சான்றில்) இருக்கும் சேசிஸ் எண்ணைப் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டினால் இந்தக் குழப்பம் இருக்காது. ஆயில் மாற்றப் போகிறவர் டிரெய்ன் நட்டுக்குப் புது வாஷரையும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

சனிக்கிழமையே வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். காய்ந்த செம்மண் கட்டி கட்டியாகத் தலையில் விழும், கண்ணில் விழும். அடுத்தவர் கடைத் தரையும் பாழாகும். கழுவிக் காய்ந்ததும், கழற்றப் போகும் துருப்பிடித்த நட்டுகளுக்கெல்லாம் டபிள்யூடி 40 மாதிரி ஊடுருவும் எண்ணெய் அடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் காலையில் பாதிச் சண்டை குறையும்.

டயர் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் கழற்றுகிறீர்கள் என்றால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டையும் கீழேயே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, தளர்த்துங்கள். ஹோய்ஸ்டில் தொங்கும் வண்டியில் நீளக் குழாயை மாட்டி உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். வண்டியே ஆடுகிறது. ஹோய்ஸ்டின் கைகள் நான்கின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பாரம் அது, யாரும் கட்டி வைக்கவில்லை.

கியர் பாக்ஸ் எண்ணெய் மாற்றுகிறவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். மேனுவல் கியரில் எண்ணெய் ஊற்றும் நட்டு ஒன்று, வடிக்கும் நட்டு ஒன்று. நேராக வடிக்கும் நட்டைத் திறந்து பழைய எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு, அப்புறம் மேல் நட்டில் கை வைத்தால் அது அசையாது, அல்லது தலை தேய்ந்துவிடும். எண்ணெய் இல்லாத கியர் பாக்ஸோடு வண்டி அடுத்தவர் ஹோய்ஸ்டில் மாட்டிக்கொள்ளும். திங்கள் காலை முதல் வாடிக்கையாளர் வந்து நிற்கும்போதும் உங்கள் வண்டி அங்கேயே தொங்கும். ஊற்றும் நட்டை முதலில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் வடிப்பது.

இனி தூக்குவது. எங்கள் ஊரில் அதிகம் இருப்பது இரண்டு தூண் ஹோய்ஸ்ட். நான்கு கைகளும் வண்டிக் கதவுகளுக்குக் கீழே, முன் டயருக்குப் பின்னாலும் பின் டயருக்கு முன்னாலும், ஜேக் போடும் இடம் என்று குறி வைத்திருக்கும் மடிப்பில்தான் உட்கார வேண்டும். ஒரு அங்குலம் உள்ளே தள்ளி வைத்தால் தரைத் தகடு நசுங்கும். பழைய சாகா, கஞ்சில் மாதிரி வண்டிகளில் அந்த மடிப்பே துருவேறி பிஸ்கட்டாகி இருக்கலாம். விரலால் அழுத்தி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் அந்த வண்டியை அந்த இடத்தில் தூக்கவே கூடாது. ஹைலக்ஸ் வகை வண்டிக்கு சேசிஸ் தனியாக இருப்பதால் கை அந்தச் சட்டத்தில்தான் பிடிக்க வேண்டும், உயரம் கூட்டும் கட்டையும் தேவைப்படும். பின்னால் உர மூட்டையும் கருவிப் பெட்டியும் கிடந்தால் இறக்கி வைத்துவிட்டுத் தூக்குங்கள். பாரம் பின்பக்கம் கூடினால் சமநிலை போய்விடும். முன்சக்கரங்கள் இழுத்து ஓடும் வண்டியில் கியர் பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கினாலும் இதே கதைதான். கனமெல்லாம் முன்னால் இருந்தது, அது போனதும் பின்பக்கம் சாயப் பார்க்கும். அப்படிப்பட்ட வேலைக்குப் பின்னால் உயர ஸ்டாண்டு கொடுத்துத் தாங்க வேண்டும். ஸ்டாண்டு இல்லாத கடையில் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

டயர் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்துங்கள். பம்பரில் கை வைத்து வண்டியை நன்றாக ஆட்டிப் பாருங்கள். நான்கு கையும் அசையாமல் பிடித்திருந்தால்தான் மேலே. தேவையான உயரம் வந்தபின் ஹோய்ஸ்டைக் கொஞ்சம் கீழே இறக்கி லாக்கில் உட்கார வைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பாரத்தை ஹைட்ராலிக் எண்ணெயே தாங்கி நிற்கட்டும் என்று அடியில் புகுந்துவிடுகிறார்கள். ஹோஸ் வெடித்தாலோ சீல் போனாலோ உங்களைக் காப்பது அந்த இரும்பு லாக் மட்டும்தான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்த ஃபோர்மேன் அண்ணன் ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: “தம்பி, ரெண்டு பக்கமும் விழுந்துச்சா?” ஒரு நாள் மத்தியானம் ஜிங்க் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. “கேட்கலண்ணே” என்றேன். “கேட்கலன்னா போய்ப் பாரு. காதை நம்பாத” என்றார். போய்ப் பார்த்தேன். இடது தூணில் லாக் பல்லில் உட்கார்ந்திருந்தது, வலது தூணில் பல்லுக்குப் பாதி விரல் மேலே நின்றது. அன்றிலிருந்து இரண்டு தூணையும் கண்ணால் பார்க்காமல் நான் அடியில் போனதில்லை.

இப்போது நானே செய்த தவறு. என் மைவிக்கு லோவர் ஆர்ம் இரண்டையும் மாற்றினேன். ஹோய்ஸ்டில் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்க, எல்லா போல்ட்டையும் பலமாக முறுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று இறக்கினேன். நாலு மாதத்தில் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டொக்கு டொக்கு. கழற்றிப் பார்த்தால் புது புஷ்ஷின் ரப்பர் நடுவில் கிழிந்து தனியாக வந்திருந்தது.

காரணம் இதுதான். புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழல், அதைச் சுற்றி ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கும்போது அந்தக் குழல் சட்டத்தோடு இறுகிவிடும், அதன் பிறகு சுழலாது. ஆர்ம் மேலும் கீழும் அசைவதை ரப்பர்தான் முறுகி முறுகி ஈடுகட்டுகிறது. சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கி இருக்கும். அந்த நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் ஆர்ம் மேலே வந்துவிடும், ரப்பர் சும்மா நிற்கும்போதே முறுக்கிய துணி மாதிரி இருக்கும். அதற்கு மேல் தோட்டப் பாதைக் குழிகள். எத்தனை நாள் தாங்கும்?

அதனால் ஹோய்ஸ்டில் போல்ட்டைப் பிடிப்பாக மட்டும் வையுங்கள். டயரை மாட்டி இறக்கி, வண்டியை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் உருட்டி, சஸ்பென்ஷன் தன் உயரத்தில் உட்கார்ந்தபின் கடைசியாக இறுக்குங்கள். கீழே கை நுழையவில்லை என்றால் தடித்த பலகை இரண்டின் மேல் முன் டயர்களை ஏற்றிக்கொண்டால் இடம் கிடைக்கும். ஹேண்ட் பிரேக் போட்டுப் பின் டயருக்குக் கட்டை கொடுத்துவிட்டுக் குனியுங்கள். நான்கு தூண் ஹோய்ஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் வண்டி தன் டயரிலேயே நிற்கிறது.

பிரேக் வேலையில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். காலிப்பரைக் கழற்றி பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியால் ஸ்ப்ரிங்கில் கட்டி வையுங்கள். புது பேட் போட்டு வண்டியை இறக்கியதும், கியர் போடும் முன் பிரேக்கைப் பல முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். முதல் மிதி தரை வரை போகும். ரிவர்ஸ் எடுத்தபின் அதைக் கண்டுபிடிப்பவர் பின்னால் இருக்கும் சுவரில்தான் நிற்பார்.

ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று பாருங்கள். இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் புதியதின் வளையம் அதன் மேல் உட்காரும், சாலையில் எண்ணெய் பீய்ச்சியடிக்கும்.

பழைய எண்ணெயை என்ன செய்வது என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவர் டிரம்மில் ஊற்றலாமா, நாமே கொண்டுபோக வேண்டுமா? 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாக, அதாவது கண்ட இடத்தில் கொட்டக் கூடாத கழிவாக, இருக்கிறது. வடித்த எண்ணெயைப் புது எண்ணெய் வந்த போத்தலிலேயே ஊற்றி மூடினால் எடுத்துப் போவதும் எளிது. லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) ஊற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. நம் ஊர் லோங்காங் தண்ணீர் பிளஸ் ஆற்றுக்குப் போகிறது, அங்கே பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள்.

வாடகை நேரம் முடிய அரை மணி இருக்கும்போதே ஸ்பானரைக் கீழே வைக்கப் பழகுங்கள். அந்த அரை மணி கழற்றிய போல்ட்டுகளை எண்ணிப் பார்க்கவும், இன்ஜினை ஓட விட்டு அடியில் டார்ச் அடித்து ஒழுகல் பார்க்கவும், தரையைத் துடைக்கவும். வேலை முடியாது என்று தெரிந்தால் இன்னும் ஒரு மணிக்குக் காசு கொடுத்துவிடுங்கள், அது மலிவு.

டயர் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போது, ஒன்றுவிட்டு ஒன்றாக, டார்க் ரென்ச் வைத்து முறுக்குங்கள். மைவி மாதிரி சிறிய வண்டிக்கு 100 நியூட்டன் மீட்டர் வாக்கில் இருக்கும், உங்கள் வண்டிக்குச் சரியான அளவு கையேட்டில் உண்டு. ஈப்போவுக்கு ஒரு முறை போய்த் திரும்பியதும், டயர் ஆறியபின் அதே ரென்ச்சை எடுத்து நான்கு சக்கரத்தையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.