அரசுப் பள்ளிக்கு எது முதலில்? பெற்றோர் தேவைப் பட்டியல் போடும் முறை

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் தீர்மானங்களுக்குப் பஞ்சமில்லை. கழிப்பறை, சுற்றுச்சுவர், ஆசிரியர், கணினி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி அனுப்புகிறார்கள். அடுத்த ஆண்டும் அதே தீர்மானம் திரும்ப எழுதப்படுகிறது. எந்தத் தேவைக்கு எந்தக் கணக்கில் பணம் இருக்கிறது என்று பார்க்காமல் கேட்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21-இன்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் குழுவின் வேலை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு அந்த வேலை முடிந்துவிடாது.

முதலில் பள்ளியைச் சுற்றிப் பாருங்கள். வேலை நாளில், பிள்ளைகள் வெளியே வரும் இடைவேளை நேரத்தில் போக வேண்டும். கழிப்பறை இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் விழுகிறதா, வெளிச்சம் உண்டா, மாணவியர் கழிப்பறையில் மூடி போட்ட குப்பைக்கூடை இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல கட்டடமாக இருந்தும் கழிப்பறை பூட்டிக் கிடந்தால், தொட்டியிலிருந்து குழாய் இணைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது மோட்டார் எரிந்திருக்கும், அல்லது சுத்தம் செய்ய ஆள் இருக்காது. மூன்றில் எது என்று தெரியாமல் ‘புதுக் கழிப்பறை வேண்டும்’ என்று கேட்டால், பூட்டிய கழிப்பறை இன்னொன்று சேரும், அவ்வளவுதான். மாணவியரிடம் பெண் உறுப்பினர்கள் தனியாகப் பேச வேண்டும். கழிப்பறைக்குப் போகப் பயந்து பகலில் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் யார் என்பது அப்போதுதான் தெரியவரும்.

பிறகு எண்ணிக்கை. 40 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது பொதுவான அளவு. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 என்பது சட்டத்தின் அட்டவணை.

வரிசைப்படுத்தும்போது உயிர் ஆபத்தை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். காரை பெயரும் கூரை, வெளியே தொங்கும் மின்கம்பி, மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி மூன்றும் எப்போதும் முதலில். மற்றவற்றுக்கு ஒவ்வொரு பெற்றோரிடமும் மூன்று புளியங்கொட்டை கொடுத்து, தேவைகளைப் படமாக ஒட்டிய டப்பாக்களில் போடச் சொல்லுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காத அம்மாக்களின் கருத்தும் இதில் வந்துவிடும். எங்கள் கருத்தில் தண்ணீர், கழிப்பறை, ஆசிரியர் இந்த மூன்றும் தீரும்வரை நுழைவு வளைவுக்கும் வண்ணப் பூச்சுக்கும் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

இனி பணம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் பள்ளி மானிய விதிப்படி 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு. 92 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அது 2,500 ரூபாய். ஆனால் பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம் என்று மாதம் 600 ரூபாய் ஆனாலே பத்து மாதத்துக்கு 6,000 ஆகிவிடும். எனவே 10 விழுக்காட்டோடு நிறுத்தாதீர்கள். குழாய், தாழ்ப்பாள், மோட்டார் பழுது எல்லாம் இந்த மானியத்துக்குள் அடங்கும், வகுப்பறை அடங்காது. 2024-25-இல் ஒன்றிய அரசு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய தன் பங்கை நிறுத்தி வைத்ததுபோல நிதி தாமதமாகலாம். பாதிப் பணம் வந்தால் எதைச் செய்வது என்று முன்பே தீர்மானித்து வையுங்கள். மார்ச் 31-க்குள் செலவிடாத ஒதுக்கீடு கைவிட்டுப் போய்விடும், ஆகவே விலைப்புள்ளிகளை ஜனவரியிலேயே வாங்கிவிடுங்கள்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் கட்டடத்துக்கு முதன்மைக் கல்வி அலுவலரிடமும் மனு கொடுக்க வேண்டும். தண்ணீர் இணைப்பை ஊராட்சியிடம் கேளுங்கள். குழுத் தீர்மானத்தைக் கிராம சபையிலும் பதிவு செய்யுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாட்கள். சுற்றுச்சுவர் போன்ற பெரிய வேலைகளுக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியையும், முன்னாள் மாணவர் நன்கொடைக்கு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தையும் நாடலாம்.

ஒரு மனுவில் ஒரு தேவைதான் இருக்க வேண்டும். ‘கழிப்பறை வசதி செய்து தரவும்’ என்று எழுதினால் கோப்பில் தூங்கும். இப்படி எழுதுங்கள்: ‘மாணவியர் 86 பேர். 40 பேருக்கு ஒன்று வீதம் தேவை 3. பயன்பாட்டில் இருப்பது 1. கூடுதலாக 2 கழிப்பறையும், தொட்டியிலிருந்து குழாய் இணைப்பும் தேவை.’ புகைப்படம், தீர்மான நகல் இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வேலை முடிந்ததும் பில்லை இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பில்லில் ஆறு குழாய் என்றிருந்தால், ஆறையும் திறந்து தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே குழுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும்.