தேக்கு இலையைத் தின்னும் அந்துப்பூச்சி: அடையாளம் காண்பதில் நாம் செய்யும் தவறுகள்

சித்திரையில் கோடை மழை ஒன்றிரண்டு இறங்கி, தேக்கு புதுத்தளிர் விட்டு நிற்கும் நேரம். வானம் வெளுத்துக் கிடக்கும், ஆனால் தோப்புக்குள் சருகின் மேல் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். கையை நீட்டினால் கறுப்பாகக் கடுகு கடுகாக ஏதோ வந்து விழும். மேலே இலையைத் தின்றுகொண்டிருக்கும் புழுக்களின் எச்சம் அது. அடுத்த சில நாட்களில் மரம் மொட்டை.

இந்த வேலையைச் செய்வது ஹைப்ளேயா பியூரா என்ற அந்துப்பூச்சியின் புழு. தேக்கு வளரும் இடங்களில் அரிதே இல்லாத பூச்சிதான். ஆனாலும் இதைப் பற்றிய பேச்சில் பாதி தவறாகவே இருக்கிறது. காரணம் ஒன்றுதான்: இதன் வேகம் நமக்குப் பிடிபடுவதில்லை. முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை முழுச் சுற்றும் நல்ல பருவத்தில் 19 அல்லது 20 நாளில் முடிந்துவிடும். நாம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது தன் கதையை முடித்திருக்கும்.

முதலில் பூச்சி. உட்கார்ந்திருக்கும்போது படம் எடுத்து, “இது என்ன?” என்று கேட்பது பெரும்பாலும் வீண். முன்சிறகை ஓட்டுக்கூரை போல மூடிக்கொண்டால் காய்ந்த சருகுத் துண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அந்த முன்சிறகும் ஒன்றில் சாம்பல், இன்னொன்றில் செம்பழுப்பு என்று மாறும். அடையாளம் பின்சிறகில் இருக்கிறது: கருமையான பின்னணியில் ஆரஞ்சு மஞ்சள் திட்டுகள். ஒரு புல்தண்டால் லேசாகத் தொட்டு, சிறகை விரிக்கும்போது பாருங்கள். விரித்தால் 3 முதல் 4 சென்டிமீட்டர் இருக்கும்.

புழுவின் நிறத்தை நம்புவதும் இதே ரகத் தவறு. ஒரு மரத்தில் பச்சைப் புழு, அடுத்த மரத்தில் கோடு போட்ட கறுப்புப் புழு என்றால் இரண்டு இனம் வந்துவிட்டதாகச் சொல்வார்கள். கூட்டமாக நெருக்கியடித்து வளரும் புழுக்கள் கறுத்துப்போகும், தனியாக வளர்வது பச்சையாக இருக்கும். இரண்டும் ஒன்றே.

இதைவிடப் பெரிய குழப்பம் இலையை வைத்து வருவது. நானும் அதில் விழுந்திருக்கிறேன். ஐப்பசி வாக்கில் ஒரு தேக்கின் இலைகள் வலை பின்னினாற்போல நரம்பு மட்டும் நிற்கக் காய்ந்து தொங்கியதைப் பார்த்து, இலைதின்னி வந்துவிட்டது என்று ஊரைக் கூட்டினேன். அது வேறு ஆள்: யூடெக்டோனா மேக்கரேலிஸ். அதன் புழு பச்சைச் சதையை மட்டும் சுரண்டி, நரம்பு வலையை அப்படியே விட்டுவிடும். அந்துப்பூச்சியும் சின்னது, மஞ்சள் சிறகில் செந்நிற நெளிகோடு போட்டது. பெரும்பாலும் உதிரப்போகிற முற்றிய இலைகளில் வருவதால் மரத்துக்கு அவ்வளவு நஷ்டமில்லை. நம்ம ஆள் அப்படி இல்லை. கசக்கினால் விரலில் சிவப்பாகச் சாயம் ஒட்டும் அந்தப் பருவத்துத் தளிர்தான் அதற்கு வேண்டும். பெரிய நரம்புகளை விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் தின்றுவிடும். வலையாக நின்றால் அவர், நடுநரம்பும் கிளை நரம்பும் ஈர்க்குச்சி போல நின்றால் இவர்.

சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டுமானால் தாழ்ந்த கிளையில் இலை ஓரத்தைப் பாருங்கள். முட்டை தளிரின் அடிப்புறத்தில், நரம்பை ஒட்டி, ஒவ்வொன்றாக இருக்கும். இரண்டு நாளில் பொரிந்துவிடும். குட்டிப் புழு முதலில் நரம்போரம் நூல் கட்டிக்கொண்டு மேலாகச் சுரண்டும். இரண்டு முறை தோலுரித்து மூன்றாம் வளர்நிலைக்கு வந்ததும் இலை விளிம்பை வெட்டி, வெற்றிலை மடிப்பதுபோல ஒரு மடல் மடித்து நூலால் ஒட்டி, அதற்குள் குடியிருக்கும். அந்த மடலைப் பிரித்தால் உள்ளே சுருண்டிருப்பது அதுதான். ஏதாவது செய்வதானால் அதுதான் நேரம். கேரள வன ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வைரஸ் கரைசலும் இளம் புழுவுக்கானதுதான். இந்தப் புழுவுக்கே இயற்கையில் வரும் நோயை எடுத்து அதன் மேலேயே திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? புழுக்கள் நூல் விட்டுத் தொங்கி, வழியில் போகிறவர் தலையில் விழும்போதுதான் மருந்து டப்பா வெளியே வருகிறது. அது தின்று முடித்து இறங்குகிற புழு. சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகி, ஒரு வாரத்தில் அந்துப்பூச்சியாகிப் பறந்துவிடும். அப்போது அடிக்கிற மருந்தில் அதைத் தின்ன வரும் மைனாவுக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும்தான் கேடு. அப்புறம், “மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும், அடுத்த வருஷம் எழுந்து வரும்” என்று கோடையில் மண்ணைக் கிளறுவதும் உண்டு. இதன் கூட்டுப்புழு மாதக்கணக்கில் உறங்குவதில்லை. வெளிவந்த அந்துப்பூச்சிகளும் மொட்டையடித்த அதே தோப்பில் தங்காமல் கூட்டமாகத் தளிர் உள்ள இடம் தேடிப் போய்விடும். அதனால் உங்கள் தோப்பு துளிர்க்கும்போது நாலு மைல் தள்ளி இன்னொருவர் தோப்பு மொட்டையாகலாம்.

மொட்டையான மரம் செத்துவிட்டது என்று வெட்டக் கிளம்புவது கடைசித் தவறு. மறுபடி துளிர்க்கும், சாகாது. அதற்காகச் சும்மா விடவும் முடியாது. கேரளத்து நிலம்பூரில் இளம் தேக்குத் தோட்டத்தில் செய்த ஆய்வு 1985-ல் வெளியானது. புழு தாக்கிய மரங்கள், பாதுகாத்த மரங்களோடு ஒப்பிட்டால், வளர வேண்டிய கன அளவில் 44 சதவீதத்தை இழந்திருந்தன. மரம் பச்சையாகவே நிற்கும், பருமன்தான் ஏறாது.

ஜாவா தீவில் தேக்குக் காட்டோரம் இருப்பவர்களுக்கு இந்த நாள் கணக்கு அத்துப்படி. மழை தொடங்கிப் புழு இறங்கியதும், அந்தச் சில நாட்களுக்குள் சருகைக் கிளறிக் கூட்டுப்புழுவைப் பொறுக்கி, வறுத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.