அப்பாவுக்காக ஒரு டிவி பெட்டகம்

கும்பகோணத்து வீட்டில் அப்பா தூங்கும் மத்தியானத்தில்தான் டிவியில் நல்ல கச்சேரி வரும். அதைப் பதிவு செய்து வைத்து, அவர் எழுந்ததும் பார்க்கச் செய்தது இது.

பழைய கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸ் (இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்), டிஷ் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்க ஒரு டிவிபி-எஸ்2 ட்யூனர் கார்டு, 4 டிபி ஹார்டு டிஸ்க். தூர்தர்ஷனின் இலவச சேனல் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாடி டிஷ்ஷை ஜிசாட்-15 செயற்கைக்கோள் பக்கம் திருப்புங்கள்; இங்கிருந்து தென்கிழக்கே, நன்றாக அண்ணாந்து. சேனல்களைப் பிடித்துப் பதிவு செய்யும் டிவிஹெட்எண்ட் மென்பொருளைப் போட்டு, பிரௌசரில் 9981 போர்ட்டைத் திறந்து சேனல்களை ஸ்கேன் செய்யுங்கள். சிக்னலைப் பூட்டி (என்க்ரிப்ட் செய்து) அனுப்பும் சேனல்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரெக்கார்டிங்கை முன்னும் பின்னும் பத்து நிமிடம் நீட்டி வையுங்கள்; ஒருமுறை மங்களத்துக்கு முன்பே அறுந்துபோய், அப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பதிவானதை டிவியில் பார்க்க ஜெல்லிஃபின் என்ற மென்பொருள் போதும்.

அப்புறம் யூபிஎஸ். ஐப்பசி மழையில் கரன்ட் போய்ப் போய் வரும். என் முதல் டிஸ்க் அப்படித்தான் போனது.