முதல் ரிமோட் ஹெலிகாப்டர்: எதை வாங்கலாம்?

"எந்த மாடல் நல்லது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எங்கே பறக்கவிடப் போகிறீர்கள், பறக்கவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை. ஹாலில் சோபாவைச் சுற்றி அழகாக வரும் ஹெலிகாப்டர் மொட்டை மாடியில் காற்றோடு போய்விடும். தலைகீழாகப் பறக்கக்கூடியதை வாங்கினால், புதியவர் கையில் அது அரை நிமிடம் தாங்காது. ஒன்றரைச் சாண் நீளத்துக்குள் வரும் விலை குறைந்த மைக்ரோ ரகங்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

படி 1: இடம்

வீட்டுக்குள் என்றால் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுப் பறக்கவிடக்கூடிய அறை வேண்டும். ஃபேன் ஓடினால் அதன் காற்றே ஹெலிகாப்டரைக் கீழே அமுக்கிவிடும். வெளியே என்றால், இலை ஆடாத அதிகாலையும் புல் இருக்கும் திறந்த இடமும் நல்லது. நாம் பேசுகிற எல்லாமே 100 கிராமுக்குக் கீழ்தான். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை. அதற்குப் பைலட் உரிமம் தேவையில்லை. ஆனாலும் விமான நிலையத்துப் பக்கம் எடுத்துப் போக வேண்டாம்.

படி 2: பெட்டியில் உள்ள சேனல் எண்ணிக்கை

ரிமோட்டால் தனித்தனியாக இயக்கக்கூடிய ஒவ்வொரு அசைவும் ஒரு சேனல். 3 சேனல் என்றால் ஏற்றம் இறக்கம், முன் பின், இடம் வலமாகத் திரும்புவது. 4 சேனலில் பக்கவாட்டில் நகர்வதும் சேரும். 6 சேனலில் மேலே சுற்றும் பிளேடுகளின் சாய்வையே பறக்கும்போது மாற்றலாம். சில பெட்டிகளில் 3.5 சேனல் என்று இருக்கும். அந்த அரைக்குத் தனியாக ஒரு திசை கிடையாது. பெரும்பாலும் உள்ளே கைரோ (உடம்பு தானே திரும்பாமல் பிடிக்கும் சென்சார்) இருப்பதைத்தான் அப்படிக் கூட்டிச் சொல்கிறார்கள்.

படி 3: உங்கள் ஆசைக்கு ஏற்ற வகை

சும்மா வீட்டுக்குள் விளையாட, குழந்தை கையில் கொடுக்க: சைமா எஸ்107ஜி போன்ற இரட்டை ரோட்டார் வகை. ரோட்டார் என்றால் சுற்றும் பிளேடுத் தொகுதி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரோட்டார்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் உடம்பு தானாகத் திரும்பாது. திசை ஸ்டிக்கை விட்டாலும் ஓரளவு நின்ற இடத்திலேயே நிற்கும். வாலில் உள்ள குட்டி விசிறியைப் பாருங்கள், வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். அது வாலைத் தூக்கினால் மூக்கு தாழும், ஹெலிகாப்டர் முன்னால் போகும். முன்னால் போக அதற்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். லேசான காற்றை எதிர்த்துக்கூடப் போகாது. ரிமோட் இன்ஃப்ராரெட் என்பதால் ஜன்னல் வழியே வெயில் விழும் இடத்தில் சிக்னலும் தடுமாறும்.

உண்மையாகவே ஓட்டக் கற்க: 4 சேனல், ஒற்றை ரோட்டார், ஃபிக்ஸட் பிட்ச். டபிள்யூஎல்டாய்ஸ் வி911எஸ் இந்த ரகம். பிளேடின் சாய்வு மாறாது, சுற்றும் வேகம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். உடம்பு எதிர்ப்பக்கம் சுழலாமல் வால் ரோட்டார் பிடித்துக்கொள்ளும். ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதால் வெயில் பிரச்சினை இல்லை. காற்றில்லாத காலையில் வெளியிலும் பறக்கும். "முதல் ஹெலிகாப்டர்" என்று யார் கேட்டாலும் நான் கை காட்டுவது இந்த வகையைத்தான். ஹெலிகாப்டர் ஓட்டுவதில் உள்ள நிஜமான கஷ்டம் இதில்தான் தெரியும்: மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பியதும் இடம் வலமாகிவிடும். நீங்கள் இடப்பக்கம் தள்ள, அது உங்கள் வலப்பக்கம் ஓடும். முதலில் வால் உங்கள் பக்கம் இருக்கும்படியே நிறுத்திப் பழகுங்கள். அப்புறம் சற்றுப் பக்கவாட்டில், கடைசியில் நேருக்கு நேர். இது கைக்கு வந்துவிட்டால் பெரிய ஹெலிகாப்டருக்கும் அதே கைதான்.

தலைகீழ், குட்டிக்கரணம்: எக்ஸ்கே கே110 போன்ற 6 சேனல், கலெக்டிவ் பிட்ச். பிளேடு எதிர்ப்பக்கமும் சாய்வதால் கவிழ்ந்த நிலையிலும் தூக்கும். விலை அதிகம், விழுந்தால் செலவும் அப்படியே. தானாகச் சமநிலைக்கு வரும் 6ஜி மோட் இதில் உண்டு, அது இருக்கிற தைரியத்தில் இதையே முதலில் வாங்கிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகிவிட்டு வருவதானால் சரி.

படி 4: ரிமோட்

த்ராட்டில் (ஏற்றி இறக்கும் ஸ்டிக்) இடது கையில் வந்தால் மோட் 2, வலது கையில் வந்தால் மோட் 1. யாரிடமாவது கேட்டுப் பழகப் போகிறீர்கள் என்றால் அவர் வைத்திருக்கும் மோடையே எடுங்கள். யாரும் இல்லையென்றால் மோட் 2. கை ஒருமுறை பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

படி 5: ஸ்பேர் பார்ட்ஸ்

மாடலை முடிவு செய்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். அதன் பெயரோடு மெயின் பிளேடு, மெயின் கியர், வால் மோட்டார் ஆகிய மூன்றையும் தேடுங்கள். தனித்தனியாகக் கிடைக்காவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மாடல் வேண்டாம். வால் மோட்டார் விழாமலே தேய்ந்து போகும் சாமான். வலு குறைந்ததும் ஒற்றை ரோட்டார் ஹெலிகாப்டர் தானே திரும்ப ஆரம்பிக்கும். பேட்டரி கழற்றி மாட்டக்கூடிய மாடல் என்றால் மிச்சப் பணத்துக்கு இரண்டு பேட்டரி சேர்த்து வாங்குங்கள், ஒன்று 6 முதல் 8 நிமிடம்தான் வரும். ஹெலிகாப்டர் ஏறத் திணறினால் உடனே இறக்கிவிடுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரியை 3 வோல்ட்டுக்குக் கீழே ஓட்டினால் கெட்டுவிடும். சூடு ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள், உப்பியிருந்தால் போடவே வேண்டாம். வாரக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில், கழற்ற முடிந்தால் ஹெலிகாப்டரிலிருந்து கழற்றி வையுங்கள்.