மலையகத்தில் சொந்த மெயில் சேர்வர்: கரண்ட் போனாலும் மெயில் தொலையாமல் இருக்க

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு சங்கத்துக்குச் சொந்த மெயில் சேர்வர் வைக்க நினைப்பவர்கள் முதலில் பயப்படுவது மின்வெட்டுக்குத்தான். சேர்வர் அணைந்து கிடந்தால் வருகிற மெயில் தொலையாது. அனுப்பிய சேர்வர் அதைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். அந்தச் சேர்வரில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் என்றால், வழக்கமாக 5 நாள் வரை. மெயில் தொலைவது, கரண்ட் வந்து சேர்வர் அரைகுறையாக எழும்போதுதான்.

டெபியன் லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்ப), டவ்காட் (பெட்டிகளில் வைத்துப் பயனருக்குக் காட்ட), ஆர்ஸ்பாம்டி (ஸ்பாமை வடிகட்ட) மூன்றும் போதும். மெயில் வந்து சேர நிலையான ஐபியும் (மாறாத இணைய முகவரி), சேர்வர்கள் மெயில் கொடுக்கும் வாசலான 25ஆம் போர்ட் திறந்திருப்பதும் வேண்டும். இணைப்பு எடுக்கும்போதே இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே அனுப்புவதை வீட்டு இணைப்பிலிருந்து நேராகச் செய்யாதீர்கள். அந்த ஐபிக்கு உங்கள் பெயரில் பிடிஆர் பதிவு (ஐபி யாருடைய பெயருக்கு உரியது என்று காட்டும் டிஎன்எஸ் குறிப்பு) இருக்காது, ஜிமெயில் திருப்பி அனுப்பிவிடும். உங்கள் மெயிலை வாங்கி உங்களுக்காக வெளியே அனுப்பும் ஒரு ரிலே சேவையின் 587ஆம் போர்ட் வழியாக அனுப்புங்கள். உங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அந்த ரிலேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மெயிலில் கையொப்பமிடும் டிகிம் சாவி 2048 பிட்டாக இருக்கட்டும்.

இனி, எழும்போது நடக்கும் கோளாறுகள். மெயில்பெட்டிகள் வெளி டிஸ்க்கில் இருந்து, அது மவுன்ட் ஆகாமல் (அதன் ஃபோல்டரில் இணையாமல்) சேர்வர் எழுந்தால், டவ்காட் அதே பாதையில் புதிய வெற்றுப் பெட்டிகளை உருவாக்கி மெயிலை அதில் போடும். பயனருக்குப் பழைய மெயில் எல்லாம் மாயமானது போலிருக்கும். இதைத் தடுக்க, டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் அந்த வெறும் ஃபோல்டரை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) உரியதாக்கி, மற்றவர் எழுத முடியாதபடி வையுங்கள். டிஸ்க் இல்லாத நேரத்தில் டவ்காட்டால் எழுத முடியாது. மெயில் வரிசையிலேயே காத்திருக்கும்.

இதைவிட மோசமானது பயனர் பட்டியல் பழுதாவது. அப்போது போஸ்ட்ஃபிக்ஸ் "அப்படி ஒருவர் இல்லை" என்று 550 5.1.1 சொல்லிவிடும். 5இல் தொடங்கும் பதில் கிடைத்தால் அனுப்பியவர் சேர்வர் அத்தோடு கைவிட்டுவிடும். 4இல் தொடங்கினால் மறுபடி முயலும். ஆகவே பட்டியலில் கைவைக்கும் முன் போஸ்ட்ஃபிக்ஸின் சாஃப்ட் பவுன்ஸ் (soft_bounce) அமைப்பை இயக்குங்கள். 5கள் எல்லாம் 4களாகும். வேலை முடிந்ததும் மறக்காமல் அணையுங்கள், இல்லாவிட்டால் போகாத மெயில் வரிசையில் குவியும்.

பழைய கணனியானால் மதர்போர்டின் சிஆர்2032 பற்றரியையும் மாற்றுங்கள். அது செத்திருந்தால் கரண்ட் வரும்போது தேதி பல வருடம் பின்னுக்குப் போய், பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ்கள் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கப்படும்.

யுபிஎஸ்ஸை யுஎஸ்பி வயரால் இணைத்து, அதைக் கண்காணிக்கும் 'நட்' (NUT) மென்பொருளைப் போடுங்கள். பற்றரி தீரும் முன் சேர்வர் ஒழுங்காக அணையும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி மின்னல் செம்புத் தொலைபேசி வயர் வழியாகவும் வரும். யுபிஎஸ் பிளக்கை மட்டும் காத்தால் ரவுட்டர் வழியாக நெட்வேர்க் கார்ட் எரியும். அந்த வயருக்கும் சேர்ஜ் காப்பான் தேவை.

லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு தரும் டிஎல்எஸ் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டாலும் டவ்காட் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்தவுடன் டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டையும் ரீலோட் செய்யும் கட்டளையை, சான்றிதழைப் புதுப்பிக்கும் சேர்ட்பாட் மென்பொருளில் சேர்த்துவிடுங்கள்.

பேக்கப் அதே கட்டடத்தில் இருக்கக் கூடாது. மண்சரிவு அபாயமுள்ள சரிவென்றால் அதே ஊரிலும் வேண்டாம். ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளால் குறியாக்கம் செய்து கொழும்புக்கோ கிளவுடுக்கோ இரவில் அனுப்புங்கள். மாதம் ஒருமுறை ஒரு பெட்டியை வேறு கணனியில் மீட்டெடுத்து, மெயிலோடு வந்த கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.