நம் கடற்கரை வெக்கைக்குத் தாங்கும் சொந்த வாசம்: அத்தரும் ஸ்ப்ரேயும் அடுக்கும் முறை

கீழக்கரையில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை எனக்கென்று ஒரு வேலை இருந்தது. வாப்பா குளித்துவிட்டு வந்ததும், பஞ்சைச் சிறிதாகக் கிள்ளி அத்தர் என்ற வாசனை எண்ணெய்க் குப்பியில் ஒற்றிக் கொடுக்க வேண்டும். அதைக் காது மடல் மடிப்பில் செருகிக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குப் போவார். அஸர் என்ற பிற்பகல் தொழுகை நேரத்திலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சந்தனம் வீசும். உடம்புச் சூட்டில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாசத்தை விடும். காக்கா, அதாவது என் அண்ணன், துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்ப்ரே பாட்டில்களோ, அடித்த வேகத்தில் வீட்டையே நிறைத்துவிட்டு மதியத்துக்குள் காணாமல் போகும். மெதுவாகப் போவதை அடியிலும் வேகமாகப் போவதை மேலேயும் வைத்து உங்களுக்கென்று ஒரு வாசம் அமைப்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இரண்டு பாட்டில் போதும்.

முதலில், ஏற்கெனவே மேலே இருப்பதை எண்ணுங்கள்

சோப்பு, பவுடர், தலையில் தேங்காயெண்ணெய், அதன்மேல் ஒரு முழம் மல்லி, துணியில் ஏறிய சாம்பிராணிப் புகை. கடையில் ஒன்றும் வாங்காமலே நாலைந்து அடுக்கு வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. எவ்வளவு நல்ல செண்ட் வாங்கினாலும் எலுமிச்சை சோப்பும் ரோஜா பவுடரும் அதோடு மோதினால் பயனில்லை. சோதித்துப் பார்க்கும் நாட்களில் வாசமில்லாத சோப்பும் வாசமில்லாத கிரீமும் பயன்படுத்துங்கள். பவுடர் வேண்டாம்.

என்ன வாங்குவது

அடிக்கு ஒரு அத்தர். சந்தனம், வெட்டிவேர், ஊது (அகில்) மூன்றில் ஒன்று. 3 மில்லி குப்பி போதும், தோலா கணக்கில் வாங்கிவிடாதீர்கள். ஒரு தோலா கிட்டத்தட்ட 11.66 கிராம், பிடிக்காமல் போனால் வீண். மேலுக்கு இலேசான ஒரு ஸ்ப்ரே: மல்லி, ரோஜா, எலுமிச்சை, இப்படி ஏதாவது ஒன்று. ஸ்ப்ரேயில் ஓ டி டாய்லெட் என்றிருந்தால் வாசனைப் பொருள் பொதுவாக 5 முதல் 15 சதவீதம். ஓ டி பர்ஃப்யூம் என்றால் 15 முதல் 20. மேல் அடுக்குக்கு முதல் வகையே நல்லது. ஆல்கஹால் வேண்டாம் என்பவர்கள் மேலுக்கும் அத்தரே எடுத்துக்கொள்ளலாம்.

பழந்தமிழில் ஐந்து விரை என்று ஒரு வரிசை உண்டு: கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம். ஊது என்று நாம் அரபியில் சொல்லும் பொருளும் அந்த அகில்தான். வேர், கட்டை, பிசின் இவற்றிலிருந்து வருபவை எளிதில் பறப்பதில்லை. பூ அதைவிடச் சீக்கிரம் போகும். எலுமிச்சை, நாரத்தை போன்றவை கால் மணி நேரத்திலேயே மங்கிவிடும். அடுக்கும் வரிசைக்கு இந்தக் கணக்கு போதும்.

காகிதத்தில் சோதனை

வெள்ளை டிராயிங் தாளை விரல் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெயர் எழுதுங்கள். நுனியில் அத்தர் ஒரு தொடு, இன்னொன்றில் ஸ்ப்ரே ஒரு அடி. முதலில் தனித்தனியாக முகருங்கள். பிறகு இரண்டையும் விசிறிபோல் சேர்த்துப் பிடித்து, மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி மெல்ல ஆட்டுங்கள். உடனே ஒருமுறை, அரைமணி கழித்து ஒருமுறை, நாலு மணி நேரம் கழித்து ஒருமுறை. கடைசியாக எஞ்சும் வாசத்தோடுதான் நீங்கள் நாள் முழுக்க இருக்கப்போகிறீர்கள். அதனால் அதற்கே அதிக மதிப்பெண் கொடுங்கள். ஒரே நேரத்தில் மூன்று ஜோடிக்கு மேல் பார்த்தால் மூக்கு மரத்துவிடும். வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வாருங்கள்.

தோலில்

முழங்கை உட்புறம் ஒரு துளி வைத்து ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள். சுத்தமான எலுமிச்சை எண்ணெய், பெர்காமோட் (எலுமிச்சை இனப் பழம்) எண்ணெய் போன்றவற்றை நேரே தோலில் தேய்க்கவே கூடாது. அதோடு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப்போகும் ஆபத்து உண்டு.

சரியாக இருந்தால், குளித்து ஈரம் ஒற்றிய உடம்பில் வாசமில்லாத கிரீமை மெல்லப் பூசுங்கள். காய்ந்த தோலில் வாசம் சீக்கிரம் போய்விடும். மணிக்கட்டு, காதுக்குப் பின்னால், கழுத்துக்குழி, இந்த மூன்று இடங்களில் அத்தரை ஒற்றுங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு சாண் தள்ளி ஸ்ப்ரே, இரண்டே அடி. மணிக்கட்டுகளைச் சேர்த்துத் தேய்க்காதீர்கள். வெள்ளைச் சட்டை, பட்டு, முத்துமாலை இவற்றில் அத்தர் படக்கூடாது. துணியில் கறை நிற்கும், முத்தின் பளபளப்பு போய்விடும்.

வெளியே போய்ப் பாருங்கள்

ஏசி அறையில் பிடித்தது சித்திரை வெயிலில் பிடிக்காமல் போகலாம். ஒரு மே மாதக் கல்யாணத்துக்கு நான் ஊது அத்தர் மேல் வெனிலா ஸ்ப்ரே அடித்துப் போனேன். வீட்டில் அருமையாக இருந்தது. மண்டபப் புழுக்கத்தில் இரண்டும் சேர்ந்து கனத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமிக்குத் தலைவலி வந்து எழுந்து போய்விட்டார். இன்றும் அது எனக்கு வருத்தம்தான். சூடு கூடினால் வாசம் வேகமாகக் கிளம்பும், வேர்வையும் அதோடு கலக்கும். இனிப்பு வாசங்களை இந்தக் கரையில் பகலுக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை.

காலை பதினொரு மணிக்குக் கடற்கரைத் தெருவில் நடந்து பாருங்கள், ராமநாதபுரம் பஸ்ஸில் நெரிசலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். உப்புக் காற்றும் கருவாட்டு வாசமும் இருக்கும் ஊரில் எது அவற்றோடு சண்டை போடாமல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். என் அனுபவத்தில் முதலிடம் வெட்டிவேருக்கு. அதன் மண் வாசம் கடல் காற்றோடு நன்றாகச் சேர்கிறது. அதன்மேல் மல்லி வைத்தால் அதுதான் என் வாசம். மல்லி நாற்றுகள் தங்கச்சிமடத்திலிருந்து மதுரைப் பக்கம் போவதை நினைக்கும்போது அது நம் மண்ணின் வாசம் என்றே தோன்றும். கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் அத்தர் ஒரு தொடு. வாடை வந்து குளிர்ந்தபின் இரண்டு. ஊதும் ரோஜாவும் சேர்ந்த அரபு ஜோடி மிக அழகு, ஆனால் அதை இரவு விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்துப்போன பிறகு

அளவை நோட்டில் எழுதுங்கள். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்று மூன்றையும் வேறு வேறு நாளில் பாருங்கள். மேலும் கீழும் அத்தரே என்றால், பிடித்த அளவில் துளி எண்ணி ஒரே காலிக் குப்பியில் கலக்கலாம். இருட்டான அலமாரியில் இரண்டு மூன்று வாரம் வைத்து, அவ்வப்போது குலுக்குங்கள். முதல் நாள் துருத்திக்கொண்டு நின்ற வாசம் அதற்குள் அடங்கி ஒன்றாகியிருக்கும். அத்தரை ஸ்ப்ரே பாட்டிலுக்குள் மட்டும் ஊற்றாதீர்கள். பல நேரம் கலங்கிப்போகும், குழாயும் அடைத்துக்கொள்ளும். கலந்த தேதியையும் துளிக் கணக்கையும் சீட்டில் எழுதிக் குப்பியில் ஒட்டிவிடுங்கள். தீர்ந்தபின் அதே வாசம் மறுபடி வேண்டுமென்றால் அந்தச் சீட்டு கட்டாயம் தேவைப்படும்.