குயிக் வாஷா, நீண்ட சலவையா? வாஷிங் மெஷினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துவைத்து உலர்த்திய துண்டை முகத்தில் ஒற்றும்போது புளித்த வாடை வந்தால், முதலில் சோப்பைத்தான் குறை சொல்கிறோம். சோப்பை மாற்றியும் வாடை போகாவிட்டால் தண்ணீரைச் சொல்கிறோம், பிறகு மெஷினைச் சொல்கிறோம். எந்தப் புரோகிராமில் துவைத்தோம் என்ற கேள்வி மட்டும் கடைசிவரை எழுவதில்லை.

என் வீட்டில் பல மாதங்களாகச் சட்டை, துண்டு, படுக்கை விரிப்பு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாமே குயிக் வாஷ் எனப்படும் 30 நிமிடச் சலவையில்தான் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு நாள், அலமாரியில் மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்து, பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி, சோப்பு ஒரு துளிகூடப் போடாமல் அதில் அமுக்கிப் பிசைந்து பார்த்தேன். விரல்களுக்கிடையே நுரை பொங்கியது. இரண்டு நிமிடத்தில் தண்ணீர் வெளிர் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது. துவைத்த துண்டுக்குள் அழுக்கும் அப்படியே இருந்தது, அந்த அழுக்கை நீக்கப் போட்ட சோப்பும் இருந்தது. உங்கள் வீட்டுத் துண்டையும் ஒருமுறை இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

சலவைக்கு நான்கு தேவை: சோப்பின் வேதியியல், தண்ணீரின் சூடு, துணி புரண்டு அடிபடும் விசை, இவை மூன்றும் வேலை செய்வதற்கான நேரம். 1959-இல் ஹெர்பெர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதிப் பொறியாளர் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். வட்டத்தில் ஒரு பங்கைச் சிறிதாக்கினால் மற்றவற்றில் ஒன்றைப் பெரிதாக்கியே தீர வேண்டும். குயிக் வாஷ் பொத்தானை அழுத்தும்போது நேரத்தைக் குறைக்கிறோம். பெரும்பாலான மெஷின்களில் சூடும் அதோடு சேர்ந்து குறைந்துவிடுகிறது. ஈடுகட்டுவதற்கு ஒன்று துணியின் அளவு குறைய வேண்டும், அல்லது அழுக்கே குறைவாக இருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கிவிடும்.

குயிக் வாஷில் டிரம்மை நிரப்புவது

தவறுகளில் பெரியது இதுதான். மெஷின் 7 கிலோ, 8 கிலோ என்று வாங்கியிருப்போம். அந்த எடை முழு நீளப் பருத்திச் சலவைக்கு உரியது. 15 நிமிடப் புரோகிராமுக்குப் பல மெஷின்களின் கையேட்டில் 1 முதல் 2 கிலோ என்றுதான் போட்டிருக்கும். 2 கிலோ என்றால் எவ்வளவு? ஒரு ஜீன்ஸ், மூன்று சட்டைகள், சில உள்ளாடைகள். அவ்வளவுதான். ஒரு பெரிய குளியல் துண்டே அரைக் கிலோ இருக்கும்.

அந்த 15 நிமிடத்துக்குள் தண்ணீர் நிரம்ப வேண்டும், துவைக்க வேண்டும், அழுக்குத் தண்ணீர் வெளியேற வேண்டும், மறுபடி நிரம்பி அலச வேண்டும், கடைசியில் பிழிய வேண்டும். சோப்புத் தண்ணீரில் துணி உண்மையில் புரளும் நேரம் சில நிமிடங்கள்தான். டிரம் நிறைந்திருந்தால் அந்தச் சில நிமிடங்களும் வீண். முன்பக்கக் கதவுள்ள மெஷினில் துணி மேலே போய்க் கீழே விழுவதால்தான் அழுக்கு கழல்கிறது. விழ இடம் இல்லாவிட்டால் மூட்டையாகவே சுற்றிவிட்டு வெளியே வரும். மூட்டையின் நடுவில் இருந்த துணியை எடுத்துப் பாருங்கள், மடிப்புக்குள் சில இடங்கள் சரியாக நனைந்தே இருக்காது.

எளிய அளவு ஒன்று உண்டு. சாதாரணப் பருத்திச் சலவைக்கு, துணியைப் போட்ட பிறகு அதற்கு மேல் உள்ளங்கையைக் குத்தாக நிறுத்தி நுழைக்க இடம் இருக்க வேண்டும். செயற்கை இழைத் துணிகளுக்கு டிரம்மில் பாதி. கம்பளிக்கும் மெல்லிய துணிகளுக்கும் மூன்றில் ஒரு பங்கு. குயிக் வாஷுக்கு எனக்குத் தெரிந்த நல்ல அளவு கால் டிரம்.

நேரம் நீண்டால் மின்சாரமும் கூடும் என்று நினைப்பது

மூன்று மணி நேரம் ஓடும் எக்கோ புரோகிராமைப் பார்த்து மின்கட்டணத்துக்குப் பயப்படுகிறவர்கள் ஏராளம். மெஷின் எவ்வளவு நேரம் சுழன்றது என்பதைவிடத் தண்ணீரை எவ்வளவு சூடாக்கியது என்பதே மின்செலவைத் தீர்மானிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 0.6 யூனிட் செலவாகும். அதே தண்ணீரை 40 டிகிரியோடு நிறுத்தினால் 0.26 யூனிட் போதும். டிரம்மையும் துணியையும் சூடாக்க ஆவது தனி.

எக்கோ புரோகிராம் செய்வது இதுதான்: தண்ணீரைக் குறைவாகச் சூடாக்கி, அந்தக் குறையை நேரத்தால் நிரப்புகிறது. சின்னர் வரைந்த வட்டம் அப்படியே இங்கே வேலை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் புதிய மெஷின்களில் 'எக்கோ 40-60' என்ற புரோகிராம் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 40 டிகிரியில் துவைக்கலாம், 60 டிகிரியில் துவைக்கலாம் என்று லேபிள் போட்ட, சாதாரண அளவு அழுக்கான பருத்தித் துணிகளை ஒன்றாகத் துவைப்பதற்கு அது.

இந்தப் பெயரே இன்னொரு தவறுக்கு இடம் தருகிறது. எக்கோவில் '60' என்று பார்த்ததும் தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும் என்று நம்பிவிடுகிறோம். 60 என்பது துணியின் லேபிளைக் குறிக்கிறது. உள்ளே தண்ணீர் 40 டிகிரியைக்கூட எட்டாமல் சலவை முடியலாம். தூசிப் பூச்சி ஒவ்வாமை இருப்பவரின் தலையணை உறை, நோயாளியின் விரிப்பு, வாந்தி பட்ட துணி போன்றவற்றுக்கு எக்கோ போதாது. தூசிப் பூச்சிகள் சாக 60 டிகிரி வேண்டும். அதற்கு வெப்பநிலையை நாமே 60 என்று வைத்து, முழு நீளப் பருத்திச் சலவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மெஷினில் சூடாக்கும் வசதியே இல்லாவிட்டால், அல்லது குளிர்ந்த நீரில் மட்டுமே துவைக்கிறீர்கள் என்றால், நீண்ட சலவைக்கும் குறுகிய சலவைக்கும் மின்செலவில் உள்ள வித்தியாசம் சிறியது. அதற்காக நேரத்தைக் குறைப்பதில் பயன் இல்லை.

சோப்பைக் கூட்டி நேரத்தைக் குறைக்கப் பார்ப்பது

நேரம் குறைவுதானே, ஒரு கரண்டி அதிகம் போடுவோம் என்று தோன்றுவது இயல்பு. பலனோ நேர்மாறாக இருக்கிறது. நுரை கூடினால் துணிக்கும் டிரம்முக்கும் நடுவே மெத்தை போட்டது போலாகி, துணி விழும் விசை குறைகிறது. நுரையைக் கண்டுகொள்ளும் மெஷின்கள் தாமாகவே ஓர் அலசலைச் சேர்த்துக்கொள்ளும். '5 நிமிடம்' என்று காட்டியபடி மெஷின் 20 நிமிடம் ஓடுவதற்கு இது ஒரு காரணம். கண்டுகொள்ளாத மெஷின்கள் சோப்பைத் துணியிலேயே விட்டுவிடும். குறுகிய சலவையில் அலசல் எண்ணிக்கையே குறைவு. குழந்தையின் துணியையும், தோல் அரிப்பு உள்ளவரின் துணியையும் குயிக் வாஷில் போடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். வேறு வழியே இல்லையென்றால் கூடுதல் அலசல் பொத்தானையாவது அழுத்துங்கள்.

குளிர்ந்த நீர், குறுகிய நேரம், சலவைத் தூள் இவை மூன்றும் சேர்ந்தால் இன்னொரு தொல்லை. தூள் கரைந்து முடிவதற்குள் சலவை முடிந்துவிடும். கறுப்புச் சட்டையின் காலர் மடிப்பிலும் பையின் அடியிலும் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகப் படிந்திருப்பது அந்தத் தூள்தான். விரலால் தேய்த்தால் வழுவழுவென்று இருக்கும். குறுகிய சலவைக்குத் திரவ டிடர்ஜென்ட்தான் சரி, அதுவும் வழக்கமான அளவில் பாதி போதும்.

கறையை அவசரத்தில் ஒப்படைப்பது

டிடர்ஜென்டில் உள்ள என்சைம்கள் கறையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுபவை. ஒரு வகை ரத்தம், முட்டை, பால் போன்ற புரதக் கறைகளை உடைக்கும். மற்றொன்று மாவுச்சத்தை, இன்னொன்று கொழுப்பை. அவற்றுக்கு வெதுவெதுப்பும் அவகாசமும் வேண்டும். குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் கொடுத்துவிட்டுக் கறை போகவில்லை என்று அலுத்துக்கொள்வது அவற்றுக்கு நியாயமில்லை.

எடுத்த எடுப்பிலேயே கொதிக்கும் சூட்டில் போடுவதும் ஆபத்து. ரத்தக் கறை வெந்நீர் பட்டால் துணியோடு இறுகிவிடும். முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு டிடர்ஜென்ட் தடவி ஊறவைத்து, அதன் பிறகு நீண்ட சலவையில் விடுங்கள். ஊறவைக்கும் நேரமும் சலவை நேரம்தான். ஒரு மணி நேரம் பக்கெட்டில் ஊறிய சட்டையைப் பிறகு குறுகிய சலவையில் போட்டால்கூடப் பெரும்பாலும் நன்றாக வந்துவிடும். பட்டும் கம்பளியும் இதற்கு விலக்கு. அவை புரத இழைகள் என்பதால், புரதத்தை வெட்டும் என்சைம் அவற்றையும் அரிக்கும். ஊறவும் விடாதீர்கள், சாதாரண டிடர்ஜென்டும் போடாதீர்கள்.

குயிக் வாஷில் கறை போகவில்லை என்று அதையே இரண்டாம் முறை ஓட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு முறை தண்ணீர், இரண்டு முறை சோப்பு, இரண்டு முறை பிழிதல். முதலிலேயே ஒரு சாதாரணச் சலவை ஓட்டியிருந்தால் துணிக்கும் தேய்மானம் குறைந்திருக்கும்.

எல்லாவற்றையும் நீண்ட சலவைக்கே தள்ளுவது

குயிக் வாஷின் குறைகளைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் சாய்ந்துவிட வேண்டாம். ஒரு மாலை மட்டும் உடுத்திய சட்டை, வியர்வை லேசாகப் பட்ட பனியன், அலமாரியில் கிடந்து வாசம் மங்கிய உடை ஆகியவற்றுக்கு இரண்டரை மணி நேரச் சலவை வெறும் தண்டனை. துணி அழுக்கு நீங்கிய பிறகும் புரண்டுகொண்டே இருந்தால் இழைதான் நீங்கும், சாயம்தான் கரையும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 40 டிகிரியில் 85 நிமிடம் ஓடும் சலவையையும் 25 டிகிரியில் 30 நிமிடம் ஓடும் சலவையையும் ஒப்பிட்டார்கள். குளிர்ந்த, குறுகிய சலவையில் சாயம் போவதும் நுண் இழைகள் உதிர்வதும் குறைவாக இருந்தன. அடர் நிற டி-ஷர்ட்டுகள் சீக்கிரம் வெளுத்துப்போகின்றன என்று வருந்துகிறவர்களுக்கு இது நேரடியான பதில். இழுபடும் எலாஸ்டிக் இழை கலந்த கால்சட்டைகளுக்கும் இதே விதி. நீண்ட நேரச் சூடு அந்த இழையைத் தளர்த்திவிடும்.

'டெலிகேட்' என்ற பெயரைப் பார்த்து, அதுதான் எல்லாவற்றுக்கும் மென்மையானது என்று எண்ணுவதும் சரியில்லை. அந்தப் புரோகிராமில் தண்ணீர் மிக அதிகம். 2019-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் பாலியெஸ்டர் துணியை வைத்துச் சோதித்தபோது, அதிகத் தண்ணீர் கொள்ளும் டெலிகேட் சலவையில்தான் சாதாரணச் சலவையைவிட அதிக நுண் இழைகள் வெளியேறின. மெல்லிய துணிக்கு அது வேண்டும், சாதாரண பாலியெஸ்டர் சட்டைக்கு வேண்டியதில்லை.

மெஷினையே மறந்துவிடுவது

ஆண்டு முழுதும் குளிர்ந்த நீரில் குயிக் வாஷ் மட்டுமே ஓடிய மெஷினின் கதவு ரப்பர் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். கறுப்பாக, வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். கரையாத சோப்பும், துணியிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கும், அவற்றைத் தின்று வளரும் நுண்ணுயிர்களும் சேர்ந்த படலம் அது. அடுத்தடுத்து வரும் துணிகளுக்கும் வாடை அங்கிருந்துதான் தொற்றுகிறது. மாதம் ஒருமுறை துணி போடாமல் 60 டிகிரி அல்லது அதற்கு மேல் நீண்ட சலவை ஒன்று ஓட்டி, ரப்பரைத் துடைத்து, கதவைத் திறந்தே வைத்துவிடுங்கள். சோப்புப் பெட்டியையும் கழற்றிக் கழுவுங்கள்.

சலவை முடிந்த துணியை மணிக்கணக்கில் டிரம்முக்குள் கிடக்கவிட்டால் எந்தப் புரோகிராமும் கைகொடுக்காது. குறுகிய சலவைகள் பலவற்றில் பிழியும் வேகமும் குறைவாக வைக்கப்பட்டிருப்பதால், துணி வழக்கத்தைவிட ஈரமாகவே வெளியே வரும். துண்டு மாதிரித் தடித்த துணி அந்த ஈரத்தோடு மெதுவாகக் காய்வதுதான் வாடைக்கு நல்ல விளைநிலம். பிழியும் வேகத்தைத் தனியாகக் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள், அல்லது கடைசியில் பிழிதலை மட்டும் ஒருமுறை ஓட்டுங்கள்.

உண்மையிலேயே நேரம் இல்லாத நாள் எல்லார் வீட்டிலும் வரும். அன்றைக்குக் கூடையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் உள்ளே அள்ளிப் போடாதீர்கள். நாளைக் காலையில் கட்டாயம் வேண்டிய இரண்டு மூன்று துணிகளை மட்டும் எடுத்து, காலரிலும் அக்குளிலும் கொஞ்சம் திரவ சோப்புத் தடவி, கால் மணி நேரம் விட்டு, குயிக் வாஷில் போடுங்கள். துண்டும் விரிப்பும் இன்னொரு நாள் காத்திருக்கலாம். அதுவரை அவற்றை ஈரத்தோடு கூடைக்குள் அமுக்கி வைக்காமல், கொடியில் விரித்துப் போட்டுவிடுங்கள்.